கண்ட்ரோல் கூண்டுக்கும் ஓர் உருண்டை

கருங்கல்
4 ஜூலை 2025

அன்புள்ள ரேஷ்மிக்கு,

(‘அன்புள்ள’ கைப்பழக்கத்தில் வந்துவிட்டது. அடித்தால் தாள் அசிங்கமாகும், கிடக்கட்டும்.)

மானக்கேட்டை முதலிலேயே சொல்லித் தொலைக்கிறேன். விசாரணைக் குழுவின் முன்னால் நான் ஏப்பம் விட்டேன். உன் கைடு ஞானையன் சார் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, “எலிசா, எலிகளுக்குக் குறித்த தீனியைத் தவிர வேறு ஏதாவது கொடுத்தீர்களா?” என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். காலையில் தின்ற மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் என்னை முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டன. மைக் வேறு ஆன் ஆகியிருந்தது. மதுரையிலிருந்து ஆன்லைனில் உட்கார்ந்திருந்த நிபுணர், “சார், உங்க பக்கம் ஆடியோ சரியில்லை” என்றார். கடைசி நாற்காலியில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னால் சிரிக்காமல் இருக்க முடியாது என்பது உனக்குத் தெரியும்.

அடுத்த கேள்வியில் சிரிப்பு நின்றது.

“வெந்தயத்தில் கருப்பட்டி சேர்த்து உருட்டிக் கொடுத்தீர்களாமே?”

சாருக்கு வெந்தயம், நமக்கு உலுவா. அந்த உலுவா உருண்டை விஷயம் இந்தப் பூமியில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி நான். இன்னொருத்திக்குத்தான் இந்தக் கடிதம்.

போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். வாட்ஸாப்பில் உன் முகம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மொட்டைத்தலை இருக்கிறது. அதனிடம் பேசிப் பார்த்தேன், பிரயோஜனமில்லை. இரண்டு பஸ் மாறினால் திருவனந்தபுரம். ஆனால் வந்தால் நீ கதவைத் திறக்கமாட்டாய், திரும்பும் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தால் ஊர்க்காரர்கள் யாராவது பார்ப்பார்கள், நானே நாலு பேருக்குச் சொல்லும் கதையாகிவிடும். ஆகவே தபால்.

நான் என்ன கொலையா செய்தேன்? மத்தியானச் சோற்றுக்கு நடுவே நீ சொல்லித் தந்த பாடத்தைத் திருப்பிச் சொல்கிறேன், பார். எலும்பு மஜ்ஜையில் இரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். பெண் எலி கர்ப்பமானால் ஈஸ்ட்ரோஜன் ஏறும். அந்தச் செல்லுக்குள் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி ஒன்று உண்டு. அது பிடித்தால் செல் விழித்து இரண்டாகப் பிரியும், மண்ணீரல் வீங்கும், வயிற்றுப் பாரத்துக்கு வேண்டிய இரத்தம் ஊறும். அந்தச் செல்லில் மட்டும் ஏற்பியை நீக்கி வளர்த்த எலிகளில் இந்தக் கூத்து எதுவும் நடக்காது. இரண்டு வகையிலும் கர்ப்பமில்லாத பெண் எலிகள்தான் உன் கண்ட்ரோல். அவர்கள் வேலை, தூங்குவது.

ஜனவரியில் கடைசித் தொகுதி. கர்ப்பிணிகளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உலுவா கொடுப்பது பேறு முடிந்த பிறகுதான், அதுதான் முறை. ஆனால் உன் எலிகள் பேறுவரை போகப்போவதில்லை. அதற்கு முன்பே நீ கத்தரிக்கோலோடு வந்துவிடுவாய். அதனால் முன்கூட்டியே கொடுத்தேன். வேறு எப்போது கொடுப்பேன்?

அதோடு விட்டிருக்கலாம். பக்கத்துக் கூண்டில் கண்ட்ரோல் பெண்கள் கம்பியைப் பிடித்து எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருத்தி தின்ன ஒருத்தி ஏங்கிப் பார்த்தால் கொதி விழும், தின்றவளுக்கு வயிறு நோகும். சபையில் மூடநம்பிக்கைக்கு எதிராகப் பேச என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆனாலும் கை தானாகப் போய் அந்தக் கூண்டிலும் ஓர் உருண்டையை வைத்தது.

மார்ச்சில் உன் கண்ட்ரோல் எலிகள் தூங்கவில்லை என்று கேன்டீனில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாய். வெந்தயத்தில் ஈஸ்ட்ரோஜன் மாதிரி நடிக்கும் சரக்கு இருக்கிறது என்று நீதான் ஒருமுறை சொல்லியிருக்கிறாய். எனக்கு உருண்டை ஞாபகம் வந்தது. உன்னிடம் சொன்னேன். நீ என்னை அடிக்கவில்லை. “எலிசாக்கா, எலிக்குமா கொதி விழும்?” என்று புரையேறும்வரை சிரித்தாய். அந்தச் சிரிப்பை நம்பிவிட்டேன்.

இப்போது என்னை எலி வீட்டு வேலையிலிருந்து பெண்கள் விடுதி ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். இங்கேயும் எலிதான். அங்கே பேறு பார்த்தவள், இங்கே பொறி வைக்கிறேன்.

ஏன் சொன்னாய் ரேஷ்மி? அதை மட்டும் எழுது.

எலிசா

*

திருவனந்தபுரம்
12 ஜூலை 2025

எலிசா அக்காவுக்கு,

இரண்டே பேருக்குத்தான் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். மே மாதம் உங்கள் சபைப் பெண்கள் சங்கத்தின் ஆண்டு விழாவில் எத்தனை நாற்காலிகள் போட்டிருந்தார்கள்?

சாரின் மனைவி ஜாஸ்பின் முன்வரிசையில் இருந்து உங்கள் பேச்சைப் போனில் பிடித்திருக்கிறார். கெட்ட எண்ணத்தில் அல்ல. உங்கள் பேச்சை எல்லோரும் பிடிப்பார்கள். அந்த வீடியோவை நான் பலமுறை பார்த்துவிட்டேன். உங்களுக்கு மறந்திருக்கலாம், எழுதுகிறேன்.

“எங்க காலேஜுல ஒரு பிள்ள உண்டு. எலிக்கு ஹார்மோன் எங்க போய் ஒட்டும், ரெத்தம் எப்பிடி ஊறும்னு தொறந்து காட்டுவா. கெட்டி இத்தன வருசமாச்சு, ஊசி போட்டுப் போட்டு இடுப்பு கன்னிப்போச்சு, அவ வயித்துல மட்டும் ஒண்ணும் ஒட்டல்ல. நான் எலிக்கு உலுவா உருண்ட குடுத்த நேரத்துல அவளுக்குக் குடுத்திருந்தா, இந்நேரம் தொட்டில் கெட்டியிருக்கலாம், கேட்டியளா!”

கைதட்டல் அடங்க நேரமாகிறது. நீங்கள் அதற்காகக் காத்திருந்து தண்ணீர் குடிக்கிறீர்கள்.

கணவர் ரதீஷ் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தபோதெல்லாம் நான் போட்டுக்கொண்ட ஊசிகள் என் மாமிக்குத் தெரியாது. என் அம்மாவுக்கும் தெரியாது. போட்ட இடத்தில் ஐஸ் வைத்துப் பிடித்துக்கொண்டது நீங்கள் ஒருவர்தான். அந்த வீடியோ மாமியின் போனுக்கு வந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. “ஊருக்குப் பூராத் தெரிஞ்ச காரியம், எனக்கிட்ட ஒரு வாக்கு பறையப்பிடாதா மக்களே?” என்று கேட்டார். அதற்கு மறுநாள்தான் நான் அறையெடுத்து இங்கே வந்தேன்.

சாரும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். “எலிசா சொல்வது உண்மையா?” என்றார். இருக்கும் என்றேன். நான் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. நீங்கள் மைக்கில் சொன்னதற்குத் தலையாட்டினேன். அவ்வளவுதான்.

பத்திரிகைக்கு அனுப்பிய கட்டுரையைத் திரும்பப் பெற்றாகிவிட்டது. தீசிஸ் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. பட்டம் கிடைக்குமா என்பதை அதே குழு முடிவுசெய்யும்.

எலிக்குக் கொதி விழும் என்று நீங்கள் சொன்னபோது சிரித்தேன். அது என்னுடைய தப்பு.

ரேஷ்மி

*

கருங்கல்
21 ஜூலை 2025

ரேஷ்மி,

உன் கடிதத்தை ஸ்டோரில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டு முதலில் எழுதிய பதிலைக் கிழித்துப்போட்டேன். அதில் நான் அபாரமாக வாதாடியிருந்தேன்.

நான் பேர் சொல்லவில்லை.

சரி, சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. கருங்கல்லில் எலி அறுக்கிற பிள்ளை எத்தனை பேர் இருக்கிறார்கள்? எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேருக்குத்தான் தெரியும் என்று உனக்கு எழுதும்போது, சத்தியமாக, அந்த மேடை எனக்கு ஞாபகம் வரவில்லை. மேடையில் சொல்வதை வெளியே சொன்னதாகவே நான் கணக்கில் வைப்பதில்லை. அங்கே நிற்பது வேறு ஒரு பொம்பிளை. கூட்டம் அவளைப் பார்த்துச் சிரிக்கச் சிரிக்க அவளுக்குக் கண் மறைந்துபோகும். அன்று முதலில் என் சர்க்கரை வியாதியைச் சொன்னேன், சிரித்தார்கள். என் மூட்டுவலி, அதற்கும் சிரித்தார்கள். என்னைக் கட்டிய மாப்பிள்ளை சத்தியராஜின் குறட்டையையும் சொல்லித் தீர்த்தேன். கையில் சொந்தச் சரக்கு முடிந்துபோயிற்று. கூட்டமோ இன்னும் வேண்டும் என்று உட்கார்ந்திருந்தது. உன்னை எடுத்துப் போட்டேன்.

இதை எழுதியபிறகு வாசித்துப் பார்த்தால் எனக்கே நன்றாக இல்லை. கிழிக்கவில்லை, இருக்கட்டும்.

ஆனால் ஒன்று. நீயும் கொஞ்சம் உட்கார்ந்து யோசி. மார்ச்சில் உனக்கு உலுவா தெரியும். ஏப்ரலில் கட்டுரையை அனுப்பினாய். கெட்டுப்போன அந்தக் கண்ட்ரோலை எடுத்துவிட்டு, போன வருடத்துக் கண்ட்ரோலை அந்த இடத்தில் வைத்தாய். “எலிசாக்கா, பழைய எலியள் நல்லாத் தூங்கியிருக்கு, பாத்தியளா” என்று கம்ப்யூட்டரில் படம்கூடக் காட்டினாய். சாரிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? குழு என்னிடம், “ரேஷ்மிக்கு இது எப்போது தெரியும்?” என்று கேட்டது. ஏப்பம்தான் விட்டேனே தவிர, அதற்கு நான் பதில் சொல்லவில்லை. தலைசுற்றுகிறது என்று வெளியே வந்துவிட்டேன். மறுபடி கூப்பிடுவார்கள்.

அந்த அறையில் நான் தனியாக நின்றேன் என்பதுதான் எனக்கு நோவு. நீ வராந்தாவில் இருந்தாய். உன் செருப்பு தெரிந்தது. உள்ளே வந்து, “அக்கா என்னிடம் சொன்னார்கள், நான்தான் மறைத்தேன்” என்று சொல்லியிருந்தால், இந்த எலி எலிசா உனக்காக அந்த மேடையிலேயே ஏறி மூக்கால் தரையை உரசியிருப்பாள்.

எலிசா

*

திருவனந்தபுரம்
2 ஆகஸ்ட் 2025

அக்கா,

ஆம். மார்ச்சிலேயே தெரியும். மறைத்தேன்.

காரணம் சொன்னால் நீங்கள் அதையும் ஒரு கதையாக்குவீர்கள். ஆனாலும் சொல்கிறேன். கர்ப்பிணி எலிகளின் முடிவு அவ்வளவு தெளிவாக இருந்தது. சாதாரண எலிகளில் ஸ்டெம் செல் விழித்துக்கொள்கிறது, ஏற்பி இல்லாதவற்றில் அசையவில்லை. ஐந்து வருடத்தில் என் கையில் பிழையில்லாமல் வந்த ஒரே காரியம் அது. இன்னொரு முறை கண்ட்ரோல் வைத்து, வளர்த்து, காத்திருக்க என்னால் ஆகவில்லை. அந்த மாதம்தான் கடைசி ஊசியும் வீணானது. அதுவும் உங்களுக்குத் தெரியும்.

கெட்டுப்போன அந்தத் தொகுதியிலும் ஒரு நியாயம் இருந்தது. கண்ட்ரோல் கூண்டில் ஏற்பி உள்ளவை மட்டும்தான் விழித்திருந்தன. ஏற்பி இல்லாத கண்ட்ரோல்கள் தூங்கின. எங்கிருந்தோ ஹார்மோன் வந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. உங்கள் உருண்டையிலிருந்துதான் என்று முடிவுகட்டினேன். அதைக் கட்டுரையில் எழுத வெட்கமாக இருந்தது. வெந்தயம், கருப்பட்டி, கொதி. எப்படி எழுதுவேன்?

இப்போது ஓர் உதவி கேட்கிறேன். கேட்பது எனக்கே பிடிக்கவில்லை.

இருபதாம் தேதி குழு மறுபடி கூடுகிறது. உலுவா விஷயத்தை நீங்கள் என்னிடம் மே மாதம்தான் சொன்னீர்கள், அதாவது கட்டுரை போன பிறகு என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். அப்படியிருந்தால் நான் தெரியாமல் செய்தவள் ஆவேன். கண்ட்ரோலை மட்டும் திரும்பச் செய்து தீசிஸ் கொடுக்க விடுவார்கள். இல்லாவிட்டால் ஐந்து வருடமும் போயிற்று. உங்களுக்கு இதனால் புதிதாகக் கெடுதல் ஒன்றும் வராது. வரவேண்டியது வந்துவிட்டது.

நீங்கள் எனக்குச் செய்ததற்கு ஈடாக இதைக் கேட்கிறேன் என்று நினைத்தால், அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள்.

ரேஷ்மி

*

கருங்கல்
20 ஆகஸ்ட் 2025

ரேஷ்மி,

எழுதினேன். நல்ல தாளில், நல்ல கையெழுத்தில், மே மாதம் என்று. சத்தியராஜ், “உனக்குப் பிராந்தாட்டி? பொய்க்குக் கையொப்பம் போட்டா இருக்கிய ஸ்டோரும் போவும்” என்றார். “போட்டும்” என்றேன். கஞ்சி போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு, காலையில் வெறும் கட்டன்சாயா மட்டும் குடித்துவிட்டுப் போனேன். இந்த முறை வயிறு பேசக்கூடாதே.

தாளை நீட்டினேன். ஞானையன் சார் வாங்கிப் படித்தார். அப்புறம் தன் கோப்பிலிருந்து இன்னொரு தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். உன் கையெழுத்து. ‘உலுவா கொடுத்ததைப் பற்றி எலிசா என்னிடம் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. வீடியோவைப் பார்த்துத்தான் அறிந்தேன்.’

“இதில் யார் சொல்வதை நம்ப?” என்று கேட்டார்.

உனக்காக நான் ஒரு பொய். உனக்காக நீ ஒரு பொய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று கடித்துக் குதறின. மதுரை நிபுணரின் ஆடியோ இன்று கண்ணாடி மாதிரி இருந்தது. “அந்த அம்மாவுக்குப் பேச்சில் கொஞ்சம் கற்பனை உண்டு என்று வீடியோவிலேயே தெரிகிறது” என்றார். சார் தலையாட்டினார். யாரும் சிரிக்கவில்லை.

சாரைக் குற்றம் சொல்லமாட்டேன். நானே அங்கே உட்கார்ந்திருந்தால் உன்னைத்தான் நம்பியிருப்பேன்.

ஆக, நீ தப்பினாய். உனக்குக் கண்ட்ரோலைத் திரும்பச் செய்ய அனுமதி. எனக்கு எலி வீட்டுப் பக்கமே போகக்கூடாது என்று உத்தரவு. மேடையில் நான் உன்னை விற்றது கூட்டத்தின் சிரிப்புக்கு. அதிலும் என் பேச்சு பொய்யில்லை, அதுதான் அதன் கேடு. நீ என்னை விற்றது, நான் உனக்காகப் பொய் எழுதிக்கொண்டிருந்த அதே வாரத்தில்.

இதில் சிரிக்க ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இருந்தால் எழுதியிருப்பேன்.

எலிசா

*

திருவனந்தபுரம்
16 நவம்பர் 2025

அக்கா,

மூன்று மாதமாக எழுதாமல் இருந்தேன். எழுத எனக்கு முகம் இல்லை.

நீங்கள் அந்தத் தாளைக் கொடுப்பீர்கள் என்று நான் நம்பவில்லை. அதுதான் உண்மை. கொடுத்தாலும் அடுத்த கூட்டத்தில் மைக்கில், “ஒரு பிள்ள என்னயப் பொய்யெழுதச் சொன்னா, கேட்டியளா” என்று ஆரம்பிப்பீர்கள் என்று நினைத்தேன். அந்தக் குரல் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. பயத்தில் முந்திக்கொண்டேன். அந்த வீடியோவுக்கு முன்னால் என்றால் உங்களை நம்பியிருப்பேன். என் உயிரையே நம்பிக் கொடுத்திருந்தேன்.

பரிசோதனை முடிந்தது. இங்குள்ள விலங்குக் கூடத்தில் கண்ட்ரோல் எலிகளை இரண்டு பிரிவாக வைத்தேன். ஒன்றுக்கு வெறும் தீனி. மற்றதற்கு அனுமதி வாங்கி உலுவா உருண்டை. நீங்கள் சொன்ன அளவில், கருப்பட்டியும் சேர்த்து, நானே உருட்டினேன். விண்ணப்பத்தில் கொதியைப் பற்றி எழுதவில்லை.

இரண்டு பிரிவிலும் ஸ்டெம் செல்கள் தூங்கின. ஒரு வித்தியாசமும் இல்லை. உருண்டையை அவை ஆளுக்குக் கொஞ்சம் கொறித்துவிட்டு மீதியை மரத்தூளில் புதைத்துவிட்டன. உங்கள் உலுவா ஒன்றும் செய்யவில்லை அக்கா. கருங்கல்லில் என்ன நடந்தது என்று தெரியவில்லை. ‘காரணம் அறியப்படவில்லை’ என்றே தீசிஸில் எழுதியிருக்கிறேன்.

அதோடு, நீங்கள் மார்ச்சிலேயே என்னிடம் சொன்னீர்கள், மறைத்தது நான் என்று சாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பட்டத்தை ஒரு வருடம் தள்ளிவைத்திருக்கிறார்கள். உங்களைத் திரும்ப எலி வீட்டில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

மன்னித்துவிட்டேன் என்று நான் எழுதவில்லை. நீங்களும் அப்படி எழுதவேண்டாம்.

ரேஷ்மி

*

கருங்கல்
2 டிசம்பர் 2025

மக்களே ரேஷ்மி,

திரும்பச் சேர்ந்துவிட்டேன். உத்தரவு கைக்கு வந்த அன்று மார்க்கெட்டில் மீன்காரியிலிருந்து ஆட்டோ ஸ்டாண்டு பெனிஷ் வரை எல்லோரிடமும், “நான் ஒண்ணும் செய்யல்ல கேட்டியளா, ஆராய்ச்சியில தெளிஞ்சாச்சு” என்று சொல்லிவிட்டேன். கேட்காதவர்களை நிறுத்திச் சொன்னேன். சபைப் பெண்கள் சங்கத்தில் கிறிஸ்துமஸுக்குப் பேசக் கூப்பிட்டார்கள். தொண்டை சரியில்லை என்றேன். முதல் முறையாக.

உன் மாமியார் வீட்டுக்கும் போனேன். உன்னிடம் கேட்காமல் போனது தப்பென்றால் தப்பு. அவர் உள்ளே கூப்பிடவில்லை, வாசலிலேயே நிறுத்தினார். “நீரு ஊரைச் சிரிக்க வச்சது எங்க வீட்டுப் பிள்ளைய வச்சாக்கும்” என்றார். எனக்கு ஏப்பம்கூட வரவில்லை. நின்றேன். கொஞ்சம் கழித்து, “வெயிலுல நிக்காதயும், போவும்” என்றார். வந்துவிட்டேன். அவர் கோபம் உன்மேல் இல்லை, அதை மட்டும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். வாசலில் காயப்போட்டிருந்தது உன் பழைய லேப் கோட்.

நீ சொன்னபடி மன்னிப்பைப் பற்றி எழுதவில்லை. ஆனால் என்மேல் விழுந்த பழி பொய்ப்பழி என்று உன் போன கடிதத்தில் நீயே எழுதினாயே, அந்தத் தாளைப் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன்.

இங்கே உன் இடத்துக்குப் பிரீனா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். படபடப்பான பிள்ளை. நேற்று பெண் எலி அறைக்குள் போனவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். சுவரில் இருக்கும் ஃபேன் ஆண் எலி அறையின் காற்று முழுவதையும் இந்தப் பக்கம் கொட்டுகிறதாம். ஆண் வாடை பட்டால் கூட்டமாக அடைத்துவைத்த பெண் எலிகளுக்கு நின்றுபோன சுழற்சி திரும்ப ஓட ஆரம்பிக்குமாம், ஈஸ்ட்ரோஜன் ஏறுமாம், ஏற்பி உள்ள செல் எல்லாம் விழித்துக்கொள்ளுமாம், அதற்குக் கர்ப்பமே வேண்டாமாம். “இந்த ஃபேனை இங்கே மாட்டச் சொன்னது யாரு?” என்று கத்தினாள். எலக்ட்ரீஷியன் சிஜோ என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

ஆண் அறை நாற்றம் தாழ்வாரத்தில் என் சோற்றுப் பாத்திரம்வரை வருகிறது என்று, போன ஜனவரியில் அந்த ஃபேனைக் கழற்றிப் பெண் அறைச் சுவரில் மாட்டச் சொன்னது நான்தான்.